யாரும் உடன் வராமல் இஸ்தான்புல்லில் நான்கு நாட்கள்: அதில் இன்பம் உண்டா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன்; வயது 47. வரும் ஏப்ரல் மாத இறுதியில் இஸ்தான்புல் நகரில் நடக்கும் இரண்டு நாள் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறேன். உடன் வருவதாக இருந்த சக பேராசிரியையின் மகளுக்கு அந்த வாரத்தில்தான் பேறுகாலம் என்பதால் அவர் வரவில்லை. என் கணவருக்கு விடுப்புக் கிடைக்காது. கருத்தரங்கு முடிவதற்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே நான்கு முழு நாட்கள் இருக்கின்றன. கொஞ்சம் பணம் கூடுதலாகக் கட்டினால் பயணச்சீட்டை முன்னதாக மாற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். "மொழி தெரியாத ஊரில் ஒற்றை ஆளாக நான்கு நாள் என்ன செய்யப் போகிறாய்?" என்று என் அக்கா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லுங்கள். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. நான் இதுவரை எந்த ஊரையும் தனியாகச் சுற்றிப் பார்த்ததில்லை. சிறு வயதில் பெற்றோருடன், பிறகு கணவர் பிள்ளைகளுடன், கல்லூரிச் சுற்றுலாக்களில் மாணவியருடன் என்று எப்போதும் கூட்டத்தோடுதான் போயிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 23 பேராக ஹம்பிக்குப் போனோம். விட்டலர் கோயிலில் ஒரு தூணின் அடியில் கொடி ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அதன் இலை எந்தச் செடியின் இலை, சிற்பி கண்ணால் கண்டதா கற்பனையா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வேனின் ஒலிப்பான் கேட்டது. அந்த இடத்துக்கு எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் 40 நிமிடம். அந்த இலை இன்னும் என் மனத்தில் விடை தெரியாமல் கிடக்கிறது.

ஆகவே தனியாகப் போனால் ஆற அமரப் பார்க்கலாம் என்பது எனக்கும் புரிகிறது. என் தயக்கம் இதுதான்: அழகான ஒன்றைக் கண்டவுடன் "இங்கே பாருங்கள்" என்று திரும்பிச் சொல்லியே பழகியவள் நான். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதபோது அந்த அழகு என்னவாகும்? அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

நெடுநடை:

வணக்கம் அம்மா. தயவுசெய்து பயணச்சீட்டை மாற்றிவிடாதீர்கள். கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் வேலையாக நான் இஸ்தான்புல்லில் ஏழு வாரம் தங்கியிருந்தேன். வார நாட்கள் தொழிற்கூடத்தில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் எனக்கே உரியவை. அந்த ஏழு ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் வேறு எந்த நாளையும் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கவில்லை.

முதல் நாள் காலையில் எந்த மசூதிக்கும் அரண்மனைக்கும் போகாதீர்கள். போக்குவரத்து அட்டை ஒன்றை வாங்கி, எமினோனு படகுத்துறையிலிருந்து ஆசியக் கரையில் உள்ள கடிகோய்க்குச் செல்லும் பயணிகள் படகில் ஏறுங்கள். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். போகும்போது வலப்பக்கத்துத் திறந்த பெஞ்சில் அமர்ந்தால் தோப்காபி அரண்மனை இருக்கும் முனை மெல்லத் திரும்பி விலகுவது தெரியும். தட்டில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். இடை சிறுத்த கண்ணாடிக் கோப்பை, அடியில் சிறு தட்டு, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டிகள். பால் கலக்காத அந்தத் தேநீரின் நிறத்தை முயலின் இரத்தம் என்று துருக்கியர் புகழ்ந்து சொல்வார்கள். எள் ஒட்டிய சிமித் ரொட்டியைப் பிய்த்துக் காற்றில் வீசினால் கடற்புறாக்கள் பறந்தபடியே கொத்திக்கொண்டு போகும். கடிகோயில் இறங்கி, பிடித்திருந்தால் அடுத்த படகிலேயே திரும்பி வாருங்கள். இறங்கிய கையோடு திரும்புவதற்கு எவரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை அந்த இரண்டாவது படகில்தான் நான் முதன்முதலாக உணர்ந்தேன்.

எனக்குத் தனிநடையின் இன்பம் முழுமையாகப் புரிந்த இடம் ருஸ்தம் பாஷா மசூதி. மசாலாச் சந்தையை அடுத்த நெரிசலான கடைவீதியில், கடைகளின் மேல்தளத்தில் அது நிற்கிறது. தெருவிலிருந்து குறுகலான படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். வாசலைத் தவறவிடுவது எளிது. 1560களில் உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. உள்ளே சுவரும் தூணும் இஸ்னிக் ஊரில் சுட்ட ஓடுகளால் மூடப்பட்டிருக்கின்றன. முதல் பத்து நிமிடம் எனக்கு நீலம் மட்டுமே தெரிந்தது. அரை மணி நேரம் கம்பளத்தில் உட்கார்ந்திருந்த பிறகுதான் சிவப்பு தெரிந்தது. மற்ற நிறங்கள் ஓட்டின் பரப்போடு பரப்பாகக் கிடக்க, அந்தச் சிவப்பு மட்டும் தடித்து, சற்றே மேடாக எழும்பி நிற்கிறது. பக்கவாட்டில் வரும் சாளர ஒளியில் தலையைத் தாழ்த்திப் பார்த்தால் அந்த மேட்டின் நிழல்கூடத் தெரியும். அந்தச் சிவப்பைக் குழைக்கும் கைத்திறன் இஸ்னிக் குயவர்களிடம் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செழித்து, அதன்பின் மங்கிவிட்டது. நண்பர்களோடு போயிருந்தால் பத்து நிமிடத்தில், நீலத்தோடு வெளியே வந்திருப்பேன். உடன் வந்தவர்கள் மீது குறை சொல்லவில்லை; அடுத்தவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு நம் கண்ணைத் தானாகவே அவசரப்படுத்திவிடுகிறது.

இன்னொரு நாளை மேற்குப் பக்கத்து நகர மதிலுக்காக ஒதுக்குங்கள். பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் 413 வாக்கில் எழுந்த மதில். மர்மரா கடலிலிருந்து ஹலிச் கழிமுகம் நோக்கி ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீள்கிறது. 447இல் நிலநடுக்கம் 57 கோபுரங்களைச் சாய்த்தபோது, ஹூணர்களின் அட்டிலா நெருங்கி வந்துகொண்டிருந்த அச்சத்தில் நகர மக்கள் அறுபதே நாட்களில் அவற்றை எழுப்பி முடித்தார்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய அந்த மதிலை 1453 மே 29 அன்று உஸ்மானியத் துருக்கியர் பீரங்கிகளால் உடைத்து உள்ளே நுழைந்தார்கள். இதையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். யெடிகுலே கோட்டையருகே தொடங்கி நடந்து வந்தபோது, பழைய அகழியில் பாத்தி கட்டிக் கீரையும் வெங்காயமும் பயிரிட்டிருப்பதைக் கண்டேன். யெடிகுலேயின் லெட்யூஸ் கீரை அந்த ஊரில் பெயர் பெற்றது. பேரரசைக் காத்த அகழியில் ஒரு முதியவர் மண்வெட்டியால் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து நெடுநேரம் நின்றேன். நீங்கள் தாவரவியலாளர் என்பதால் அந்த இடம் உங்களுக்கு என்னைவிட அதிகம் பேசும். பகல் வெளிச்சத்தில் மட்டும் போங்கள்; மதிலோரம் சில பகுதிகள் ஆளரவம் இல்லாதவை.

ஒன்றை விட்டுவிடும் உரிமையும் தனியாகப் போகிறவருக்கே உண்டு. ஏழு வாரமும் நான் தோப்காபி அரண்மனைக்குள் போகவே இல்லை. ருஸ்தம் பாஷாவுக்கு நான்கு முறை போனேன். இதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

பனைநிழல்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது லண்டனில் வசிப்பவள். இஸ்தான்புல்லுக்கு இரண்டு முறை தனியாகப் போயிருக்கிறேன். மேலே எழுதிய அண்ணா பகற்பொழுதைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். பெண்ணாகத் தனியே போனவள் என்ற முறையில் சாப்பாட்டையும் மாலைப் பொழுதையும் பற்றிச் சொல்கிறேன்.

தனியாகச் சாப்பிடக் கூச்சமாக இருக்கும் என்று நானும் பயந்தேன். அந்த ஊரில் தொழிலாளரும் கடைக்காரரும் மதியம் சாப்பிடும் எளிய உணவகங்கள் உண்டு. எஸ்னாஃப் லொகாந்தா என்பார்கள். சமைத்த பதார்த்தங்கள் எல்லாம் பெரிய தட்டங்களில் கண்முன்னே வரிசையாக இருக்கும். மொழி தேவையில்லை, விரலால் காட்டினால் போதும். கத்தரிக்காய், வெண்டைக்காய், பருப்புச் சூப், ஒலிவ் எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ் என்று மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கும் நிறையவே கிடைக்கும். சிலவற்றில் இறைச்சி கலந்திருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். அங்கே ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழைய பாணி உணவகங்கள் சிலவற்றில் 'ஐலே', அதாவது குடும்பம், என்று குறித்த பகுதி இருக்கும். பெண்கள் தனியாக வந்தாலும் அங்கே அமரலாம். நான் இரண்டாம் நாளும் அதே கடைக்குப் போனேன். பரிமாறுகிறவர் நான் காட்டுவதற்கு முன்பே முதல் நாள் வாங்கிய அதே கத்தரிக்காயை எடுத்துவைத்தார். தெரியாத ஊரில் ஒருவர் நம் விருப்பத்தை நினைவில் வைத்திருந்தது எனக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அக்கா, கட்டாயம் ஒரு பழைய ஹமாமுக்குப் போங்கள். சினான் காலத்து நீராட்டு மண்டபங்கள் சில இன்றும் இயங்குகின்றன. பெண்களுக்குத் தனிப் பகுதி அல்லது தனி நேரம் இருக்கும், பணி செய்வோரும் பெண்களே. நடுவில் சூடேறிய பெரிய சலவைக்கல் மேடை; அதற்குக் கொப்பூழ்க்கல் என்று பெயர். அதில் மல்லாந்து படுத்தால் மேலே குவிமாடத்தில் பதித்த சிறு சிறு கண்ணாடித் துளைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும், அந்தக் கம்பிகளினூடே நீராவி நகர்வது தெரியும். தெரிந்தவர்களோடு போயிருந்தால் நான் கூச்சத்தில் சுருண்டிருப்பேன். எவருக்கும் என்னைத் தெரியாத இடம் என்பதால்தான் அந்தக் கல்லில் ஒரு மணி நேரம் என் உடம்பை மறந்து கிடந்தேன்.

இனி எச்சரிக்கை. பழைய நகரப் பகுதியில் மிக நட்பாகக் கதைத்துக்கொண்டே உடன் நடப்பவர்கள் கடைசியில் ஒரு கம்பளக் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். என்னையும் ஒருவர் அப்படிக் கூட்டிச் சென்றார்; மூன்று கோப்பை தேத்தண்ணீரும் ஒன்றரை மணி நேரமும் கழிந்த பிறகுதான் எழுந்து வர முடிந்தது. ஆபத்து ஒன்றும் நேரவில்லை, ஆனால் அந்த மாலை வீணானது. "வேண்டாம், நன்றி" என்று நடையை நிறுத்தாமலே சொல்லப் பழகுங்கள். காலணி துடைப்பவர் ஒருவர் முன்னால் தூரிகையைத் தவறவிட்டுப் போவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாகத் துடைத்துவிட்டுப் பணம் கேட்பார். மசூதிகளுக்குப் போகத் தலையை மூடும் துணி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். தொழுகை நேரங்களில், குறிப்பாக வெள்ளி நண்பகலில், பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். விடுதியை நடமாட்டமுள்ள தெருவில், டிராம் நிறுத்தத்துக்கு அருகில் எடுங்கள். இவ்வளவே என் கவலைகள். இரவு எட்டு மணிக்குக்கூடப் படகுத்துறையில் குடும்பங்களும் மாணவிகளும் நிறைந்திருப்பார்கள்.

மலைக்கோட்டை:

நண்பர்கள் சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் கேள்வி கேட்டவர் மறைக்காமல் சொல்லச் சொன்னார் என்பதால் எழுதுகிறேன். நான் அதே நகரத்தில் ஐந்து நாள் தனியாக இருந்தேன். மூன்றாம் நாள் மாலை கலாத்தா பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, காலையிலிருந்து "எவ்வளவு", "நன்றி" ஆகிய இரண்டு சொற்களுக்கு மேல் நான் பேசவில்லை என்பது உறைத்தது. பகலில் இனித்த தனிமை விளக்கு வைத்த பிறகு கனத்தது. சிறு சிறு தட்டுகளில் பத்து வகை உணவை மேசை நிறையப் பரப்பி, மணிக்கணக்கில் பேசியபடி உண்பது அவர்களுடைய இரவு விருந்தின் முறை. அது நாலைந்து பேருக்கானது. கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தது எனக்கு வலித்தது.

அம்மா, நான்கு நாளில் ஒரு அரை நாளை வழிகாட்டியோடு நடக்கும் சிறு குழுவுக்குக் கொடுங்கள். அதோடு, தனியாகத்தான் பார்ப்பேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். இரவில் வீட்டுக்குப் பேசுங்கள்.

நெடுநடை:

மலைக்கோட்டை சொல்லும் மாலை நேரக் கனம் உண்மை, எனக்கும் இருந்தது. நான் கண்ட வழி, மாலை இருட்டும் நேரத்தில் படகில் இருப்பது. ஆசியக் கரையிலிருந்து திரும்பும்போது சூரியன் பழைய நகரத்தின் குவிமாடங்களுக்குப் பின்னால் இறங்கும். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் படகில் நிறைந்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் துணையாகவே இருந்தது.

சொல்வேட்டை:

ஒரு சிறு சேர்க்கை. மொழி தெரியாத ஊர் என்று அக்கா சொன்னாராம். முழுவதும் தெரியாத மொழி அல்ல. அரபு, பாரசீகச் சொற்கள் உருது வழியாகத் தமிழுக்கு வந்தன, வேறு வழியில் துருக்கிக்கும் போயின. அங்கே சதுக்கத்துக்குப் பெயர் மெய்தான், நம் மைதானம்தான். சந்தைக்குப் பஸார்; ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே சொல். தயாராக இருப்பதை ஹஸர் என்பார்கள். நம் நீதிமன்றத்தில் ஆஜர் ஆகிறோமே, அதே சொல். பதிலுக்கு ஜெவாப், நம் பாட்டிமார் சொன்ன ஜவாப். ஷெர்பெத் எது என்று சொல்லத் தேவையில்லை. தேநீருக்குச் சாய் என்று கேட்டால் உடனே வரும். பேச ஆள் இல்லாமல் தனியாக நடக்கும்போது காது கூர்மையாகிவிடும். கடைப் பலகையிலும் டிராம் அறிவிப்பிலும் இப்படி ஒவ்வொன்றாகப் பிடிபடும்போது ஏற்படும் மகிழ்ச்சியைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று, 'கொலாய் கெல்சின்' என்ற தொடரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது சொல்வது; "உங்கள் வேலை எளிதாக அமையட்டும்" என்று பொருள். தெருக் கூட்டுகிறவர், ரொட்டி சுடுகிறவர், பயணச்சீட்டு பார்க்கிறவர், எல்லோரிடமும் சொல்லலாம். இதற்கு நேரான சொல் தமிழில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

வைகைக்கரை:

நேற்று முன்தினம் ஊர் திரும்பினேன். உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது, பயணச்சீட்டை மாற்றவில்லை.

மலைக்கோட்டை ஐயா சொன்னபடி முதல் நாள் காலையில் ஒரு நடைக்குழுவில் சேர்ந்தேன். ஹாகியா சோபியாவின் மேல்மாடத்துக்கு அவர்களோடு போனதால், சலவைக்கல் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரன் ஒருவன் கீறிவிட்டுப் போன ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளை வழிகாட்டி காட்டினார். அதில் ஹால்ஃப்தான் என்ற பெயர் மட்டும் படிக்கக் கிடைக்கிறதாம். தனியாகப் போயிருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டேன். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் காட்டுவதன் அருமையையும் ஒப்புக்கொள்கிறேன். மதியத்துக்கு மேல் அவர்களிடம் விடைபெற்றேன்; மீதி நாட்கள் என்னுடையவை ஆயின.

தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு எவரும் சொல்லாமலே போனேன். அங்கே அலெக்சாந்தர் சவப்பேழை இருக்கிறது. 1887இல் அந்த அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் ஒஸ்மான் ஹம்தி பே, இன்றைய லெபனானில் உள்ள சிதோன் நகரத்துக் கல்லறைகளில் அகழ்ந்து எடுத்தது, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயர் அப்படியிருந்தாலும் அலெக்சாந்தரின் உடல் அதில் வைக்கப்பட்டதல்ல. அவருடைய போரும் சிங்க வேட்டையும் பக்கங்களில் செதுக்கப்பட்டிருப்பதால் வந்த பெயர். பூசிய வண்ணத்தின் மிச்சம் இன்றும் சில இடங்களில் தெரிகிறது. எல்லோரும் போர்க்காட்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் மேற்பகுதியில் ஓடும் திராட்சைக் கொடிக்குப் போயிற்று. இலையின் மடல், மடலின் பிளவு, நரம்பு ஓடும் திசை எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். காவலர் இரண்டு முறை மாறினார்கள். இரண்டாவதாக வந்த காவலரிடம் வெளியேறும்போது "கொலாய் கெல்சின்" என்றேன்; அவர் எழுந்து நின்று மார்பில் கை வைத்து வணங்கினார். சொல்வேட்டை அவர்களுக்கு என் நன்றி.

மதிலோரம் பகலில் ஒரு பகுதி மட்டும் நடந்தேன். கல் இடுக்குகளில் அத்தி முளைத்துக் கிடக்கிறது. நம் கோபுரங்களில் அரச மரம் முளைப்பது போலவே, பறவை கொண்டுவந்த விதை, சுண்ணாம்புக் காரையில் கிடைத்த ஈரம், பிறகு வேர் கல்லைப் பிளப்பது. அகழித் தோட்டத்தில் லெட்யூஸ் பாத்திகளையும் பார்த்தேன். நீண்ட இலைகள் குவிந்து நிற்கும் வகை. தோட்டத்துப் பெண்மணி ஒரு கீரையை வேரோடு பிடுங்கி, உதறி, என் கையில் கொடுத்துவிட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அதைக் கழுவி விடுதி அறையில் வெறும் உப்போடு தின்றேன். அன்றிரவு எனக்கு வேறு உணவு தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் மாலை மலைக்கோட்டை ஐயா சொன்ன கனம் எனக்கும் வந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நெடுநடை அவர்கள் சொன்னபடி படகுத்துறைக்குப் போனேன். அன்று மட்டும் மூன்று முறை குறுக்கே போய் வந்தேன். முழுவதும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். தாங்கும் அளவுக்கு ஆயிற்று.

நான்காம் நாளுக்கு நான் திட்டமே வைத்திருக்கவில்லை. பெஷிக்தாஷிலிருந்து கரையோரப் பேருந்தில் ஏறினேன். பாஸ்பரஸ் நீரிணை மிகக் குறுகி, 700 மீட்டர் அளவே அகலமாக இருக்கும் இடத்தில் 1452இல் கட்டிய ருமேலி கோட்டை நிற்கிறது. அங்கே போகலாம் என்று மட்டும் நினைத்திருந்தேன். வழியெங்கும் மலைச்சரிவுகள் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் எரிந்தன. அவர்கள் எர்குவான் என்று அழைக்கும் மரம். செர்சிஸ் சிலிகுவாஸ்ட்ரம் என்ற பெயரில் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்; பூத்த மரத்தை அன்றுதான் நேரில் கண்டேன். இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். சிறு கிளையில் மட்டும் அல்லாமல் முதிர்ந்த கிளையிலும் நடுமரத்திலும் பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாகப் பூக்கும். நம் ஊரில் பலா அடிமரத்தில் காய்க்கிறதே, அதே இயல்பு. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது, கோட்டைக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு முதிர்ந்த மரத்தின் கரிய பட்டையில், என் முகத்துக்கு நேரே, ஏழு பூக்களாக இருந்தது.

"இங்கே பாருங்கள்" என்று திரும்பினேன். பழக்கம். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கோட்டைக்குள் நான் போகவில்லை. எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்து அந்தக் கொத்தை வரைந்தேன். கல்லூரியில் படித்தபோது வரைந்ததோடு சரி. முதல் இரண்டு பூக்கள் சரியாக வரவில்லை. மூன்றாவதில் கொடியிதழ் எனப்படும் மேலிதழ் உள்ளே ஒடுங்கியிருப்பதும், இரண்டு பக்க இதழ்கள் அதன் மேல் கவிந்திருப்பதும், அடியிலுள்ள இரண்டும் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருப்பதும் பிடிபட்டன. அவரைப் பூவில் கொடியிதழ் வெளியே விரிந்து நிற்கும். இதில் அந்த அடுக்கு தலைகீழ். மாணவியருக்கு நூறு முறை சொன்ன வேறுபாடு. என் கை வரைந்த பிறகுதான் எனக்கே அது கண்ட செய்தி ஆயிற்று. ஒரு தேனீ மூன்று முறை வந்தது. கீழே நீரிணையில் எண்ணெய்க் கப்பல் ஒன்று கருங்கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஏழாவது பூவை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அது வளைவில் மறைந்திருந்தது. மணி பார்த்தேன். 40 நிமிடம் ஆகியிருந்தது. ஒலிப்பான் எதுவும் கேட்கவில்லை. தாளைத் திருப்பிப் பட்டையை வரையத் தொடங்கினேன்.

ஓவியத்தை அக்காவிடம் காட்டினேன். "அடிமரத்திலா பூக்கிறது?" என்று கேட்டு, தாளை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.